உப்புத் தண்ணீர்

ஜூலை 7, ஞாயிறு

அறை கிடைத்துவிட்டது. கோச்சிங் சென்டருக்குப் பின்தெருவில் ஒரு மாடி. ஒற்றை அறை, தகரம் வேய்ந்த சமையல் மூலை, கீழே பொதுக் கழிப்பறை. நாமக்கல்லில் இந்தத் தெரு முழுக்க இப்படித்தான் இருக்கிறது. மாடிக்கு மாடி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், அவர்களுக்குச் சமைத்துப்போட ஊரிலிருந்து வந்த அம்மாக்கள். எங்கள் மாடியில் மட்டும் அம்மாவுக்குப் பதிலாக நான். அம்மாவால் மூட்டுவலியோடு படியேற முடியாது. அப்பாவால் தாராபுரத்து மெடிக்கல் கடையை விட்டு வர முடியாது.

இந்த மாதம் பி.எட். சேர்வதாக இருந்தேன். "ஒரு வருசந்தானே கண்ணு. அடுத்த வருசம் சேந்துக்க. பாப்பா தேறிட்டா நம்ம குடும்பமே தேறுனாப்பல," என்றார் அப்பா. சரி என்றேன்.

பாப்பா என்றால் என் தங்கை சம்யுக்தா. பதினெட்டு வயது. போன மே மாதம் நீட் எழுதி, மருத்துவ இடத்துக்குத் தேவையானதில் பாதி மதிப்பெண்கூட வாங்கவில்லை. இது இரண்டாம் முறை.

நானும் ஒரு காலத்தில் இரண்டு முறை எழுதியவள்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்கார ருக்குமணியம்மா சாவி கொடுக்கும்போது சொன்னார்: "தண்ணி மட்டும் செத்த உப்பு அம்மிணி. போருத் தண்ணி. குடிக்கக் கேன் வாங்கிக்கங்க. தலைக்கு ஊத்துனா முடி கொஞ்சம் கொட்டும். கோச்சிக்கக் கூடாது."

ஜூலை 14, ஞாயிறு

இங்கே நடைமுறை இது. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஆன்லைன் தேர்வு. விடுதிப் பிள்ளைகள் சென்டரிலேயே எழுதுகிறார்கள். எங்களைப்போல அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள் அறையிலிருந்தே செல்பேசியில் எழுதுகிறார்கள். ஞாயிறு காலை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ரேங்க் வந்துவிடும். அதை வைத்துத் திங்கட்கிழமை பெஞ்சு மாறும். முதல் வரிசைகள் ஏ பேட்ச், நடுவில் பி, பின்னால் சி. மாதம் ஒருமுறை காகிதத்தில் வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தேர்வு.

சம்யு சி பேட்ச். "பின்னாடி ஃபேன் நல்லாச் சுத்துதுக்கா. ஏ பேட்ச் பசங்க வேர்த்து ஊத்தறாங்க, பாவம்," என்றாள். பிறகு இயற்பியல் சார் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "நாட் திஸ் வே மை டியர் டாக்டர்ஸ்," என்று சொல்வதைச் செய்து காட்டினாள். துணி காயப்போட வந்த பக்கத்து மாடி அம்மா சிரித்துச் சிரித்து வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது சொன்னாள்: "எனக்கு பி.பார்ம் போதும்க்கா. அப்பா கடையிலேயே உக்காந்துக்குவேன். யாருக்கு என்ன மாத்திரைன்னு எனக்கு இப்பவே தெரியும்."

உண்மைதான். கடைக்கு வரும் கிழவிகள், "சின்னது இல்லீங்களா?" என்று அவளைத்தான் கேட்பார்கள். ஆனால் கடையை ஒட்டிய அறையை அப்பா பதினைந்து வருடங்களாக யாருக்கும் வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறார். அது டாக்டர் உட்காரப்போகும் அறை.

ஜூலை 29

சாம்பார், பீர்க்கங்காய்ப் பொரியல். கேஸ் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கொண்டுவந்த மூன்று நாவல்களையும் படித்து முடித்துவிட்டேன். நூலகம் பேருந்து நிலையத்தைத் தாண்டி இருக்கிறது. சமையல், துணி, மதியச் சாப்பாடு கொண்டுபோவது எல்லாம் முடிந்து கிளம்பினால் மூடிவிடுகிறார்கள். படிக்க வேறெதுவும் இல்லாததால் சம்யு கசக்கிப் போடும் வினாத்தாள்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். சோறு வேகும் நேரத்தில் ஒரு இருபது கேள்வி. குறுக்கெழுத்துப் போடுவதைப்போல ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

தாவரவியல் எனக்கு மறக்கவே இல்லை. இயற்பியல் துருப்பிடித்திருந்தது. இரண்டு நாளில் இளகிவிட்டது.

ஆகஸ்ட் 31, சனி

சம்யுவுக்குக் காய்ச்சல். தேர்வு எழுதாவிட்டால் கோஆர்டினேட்டர் மணிமேகலை மேடம் நேராக அப்பாவுக்குப் போன் செய்துவிடுவார். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்பார். அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். அவள் படுத்துக்கொள்ள, நான் கேள்வியை வாசிக்க, அவள் பதில் சொல்ல, நான் தொட்டேன். விரல் மட்டும்தான் என்னுடையது. முப்பதாவது கேள்வியில் தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. மீதியை நான் முடித்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ரேங்க் 19. நானூறு பிள்ளைகளில்.

ஏழு மணிக்கே அப்பாவின் போன். "பாப்பா, காய்ச்சலோட எழுதியா இப்பிடி வாங்கியிருக்கற!" சம்யு என்னைப் பார்த்தாள். நான் உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்கப்பா," என்றாள்.

போனை வைத்ததும் சிரித்தாள். "டாக்டரம்மா, எத்தன நாளா இந்த வேல? நீயே போய் ஏ பேட்ச்ல உக்காந்துட்டு வா. நான் சமைக்கறேன்."

"வாய மூடு. உப்புமா தீயுது," என்றேன். உப்புமா தீயவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

அவளை ஏ பேட்ச்சுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே வாரத்தில் ரேங்க் சரிந்தால் சந்தேகம் வரும் என்று நானே எழுதினேன். இந்த ஒரு வாரம்தான். அதற்குள் அவள் பிடித்துக்கொள்வாள்.

ரேங்க் 11.

அக்டோபர் 6, ஞாயிறு

ஓ.எம்.ஆர். தேர்வில் சம்யு 720க்கு 198. ஆன்லைனில் போன வாரம் 616.

மணிமேகலை மேடம் என்னை அழைத்தார். காரணத்தைத் தயாராக வைத்திருந்தார். "நல்லாத் தெரிஞ்ச பொண்ணும்மா. பேப்பரப் பாத்தா பதறுது. இதுக்குப் பேரு ஓ.எம்.ஆர். பயம். வருசத்துக்கு நாலஞ்சு பேருக்கு வரும். தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வட்டம் நிரப்பற பயிற்சி போடறேன். சரியாயிரும்."

சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கப் போனபோது அவருக்குப் போன் வந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்த சம்யு, "என்னாச்சு?" என்றாள்.

"பயிற்சி தர்றாங்களாம். நல்லதுதானே."

"எதுக்குப் பயிற்சி?"

"வட்டம் நிரப்பறதுக்கு."

"அக்கா, ஒண்ணாம் வகுப்புல அதுல எனக்கு ஸ்டார் குடுத்தாங்க," என்றாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கூட்டும்போது முறத்தில் நிறைய முடி. சம்யு உட்காரும் மூலையில்தான் அதிகம். ருக்குமணியம்மா சொன்னது சரி, இந்தத் தண்ணீர் ஆகாது. கேன் தண்ணீரில் கடைசியாக ஒரு சொம்பு தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

ரேங்க் 6.

நவம்பர் 8

அவளுடைய இயற்பியல் புத்தகத்தில் ஒரு கணக்கைத் தேடினேன். பக்கங்களுக்கு நடுவே ஒற்றை ஒற்றையாக முடி. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நுனியைப் பார்த்தேன். தானாக விழும் முடியின் அடியில் உலர்ந்த சிறு வெள்ளை முடிச்சு இருக்கும். பிடுங்கிய முடியின் அடியில் ஈரமான நீண்ட உறை ஒட்டிக்கொண்டு வரும். பி.எஸ்சி. விலங்கியலில் படித்தது.

திரும்பினால் சம்யு விழித்திருந்தாள். பாயில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேங்காயெண்ணெ தீந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"இருக்குது," என்றாள்.

நாளைக்குச் செம்பருத்தி இலை கிடைக்குமா என்று ருக்குமணியம்மாவிடம் கேட்க வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

ஏ பேட்ச்சில் பாடம் பறக்கிறது. அவளுக்கு எதுவும் புரிவதில்லை என்று தெரிகிறது. சாயங்காலம் நான் சொல்லிக்கொடுக்கிறேன். நான் நல்ல ஆசிரியை இல்லை போலிருக்கிறது. அவள் யோசிக்கும் முன்பே என் வாயில் விடை வந்துவிடுகிறது.

"ஒரு நிமிசம் இருக்கா. நானே போடறேன்."

"அதுக்குத்தான் சொல்றேன், முதல்ல உராய்வ எடுத்துட்டா..."

"அக்கா!"

பென்சிலை வைத்துவிட்டாள். இடது கை காதுக்கு மேலே போயிற்று. நான் சட்டியைக் கழுவ எழுந்தேன்.

இயற்பியல் சாரை இப்போதெல்லாம் செய்து காட்டுவதில்லை. பக்கத்து மாடி அம்மா, "சின்னதுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா? சத்தத்தையே காணோம்," என்றார். படிப்பு அதிகம் என்றேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

அப்பா வந்திருந்தார். எங்கள் அறையில் உட்கார்ந்து வாட்ஸ்அப் குழுவை எங்களுக்கே படித்துக் காட்டினார். ரேங்க் 4. "எதுத்த தேங்காமண்டிக்காரர் டெய்லி கேக்கறாரு, உங்க பொண்ணுக்கு எந்தக் காலேஜுன்னு. நான் ஒண்ணும் சொல்றதில்ல. கண்ணு பட்டிரும்."

சம்யு துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். குளிர் என்றாள். டிசம்பர்தானே.

அப்பா கிளம்பும்போது படியில் நின்று என்னிடம், "நீ இருக்கறதால எனக்குப் பாரமே இல்ல கண்ணு," என்றார். ஆறு வருடங்களுக்கு முன்பு, என் இரண்டாவது முடிவு வந்த அன்று, இதே மனிதர் கடைக்குப் போய் நாள் முழுக்கப் பழைய மருந்துகளைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதை நினைத்து இதை எழுதவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இங்கே ஒரு வழக்கம். தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே ஏ பேட்ச் பிள்ளைகள் அத்தனை பேரையும் வெள்ளைக் கோட்டு மாட்டிப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். முடிவு வந்த ஒரு மணி நேரத்தில் ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டுமாம். அடுத்த ஞாயிறு சம்யுவின் முறை. "தலை நல்லா வாரி, பூ வெச்சு அனுப்புங்க," என்று குழுவில் போட்டிருந்தார்கள்.

இன்று அவள் தலையை வாரிவிட்டேன். இடது காதுக்கு மேலே ஒரு உள்ளங்கை அளவு, உச்சியில் இன்னொன்று. தோல் வழவழவென்று இருந்தது. சீப்பு மட்டும் போய் வந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லக்கா. பிடுங்கும்போது நல்லாருக்கும்."

முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். நான் கேட்காததுபோல, "கோணல் வகிடு எடுத்தா மறைஞ்சுரும்," என்றேன்.

ஜனவரி 25, சனி

கடைவீதியில் ஒரு சவுரி வாங்கினேன். நல்ல முடி, நிறம் பொருந்துகிறது. இரண்டு பக்கமும் கொண்டை ஊசி குத்தி நிறுத்தினால் சொந்தப் பின்னல்போலவே இருக்கிறது.

"குதிர வாலாக்கா?"

"ஃபோட்டோவுக்குத்தான். அப்புறம் கழட்டிடலாம்."

"யாரோட முடி இது?"

"தெரியல. கோயில்ல இறக்குனதா இருக்கும்."

"ஏதோ வேண்டுதல் பலிச்சவ முடி," என்று அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கோட்டு ஒன்றே ஒன்றுதான். எல்லோருக்கும் அதுவே. பெரிய அளவு, பின்னால் துணிக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். புகைப்படக்காரர், "சிரி டாக்டரு," என்றார். சம்யு சிரித்தாள். படத்தில் நன்றாக இருக்கிறாள். அப்பா பெரிதாகப் பிரேம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டாராம்.

சவுரியைக் கழற்றவில்லை. அதோடே சென்டருக்குப் போகிறாள்.

பிப்ரவரி 15, சனி

மதியம் சொன்னாள்: "அக்கா, இன்னிக்கு நீ எழுத வேண்டாம். நான் எழுதறேன். எவ்வளவு வந்தாலும் வரட்டும். என்னய சி பேட்ச்சுக்கே தள்ளட்டும்."

"அப்பா..."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒரு வாரம் திட்டுவாரு. திட்டட்டும்."

எழுதினாள். மூன்று மணி நேரம் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள். கை தலைக்குப் போகவே இல்லை. நான் மொட்டைமாடியில் இருந்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடி அலசினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரேங்க் 341. அப்பா திட்டவில்லை. அழுதார். அம்மா போனை வாங்கி, "நேத்திருந்து அவுரு சாப்பிடல," என்றாள். நேற்று ரேங்கே வரவில்லை என்று சம்யு கணக்குச் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளுக்குப் பிறகு.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல," என்றாள் என்னிடம். "திங்கக்கெழம பின்னாடி பெஞ்சு. ஃபேன்."

மணிமேகலை மேடம் மாலையில் அழைத்து, ஒரு வாரச் சறுக்கல்தான், அடுத்த சனிக்கிழமையும் இப்படி என்றால்தான் பேட்ச் மாற்றம் என்றார். நான் சம்யுவிடம் சொன்னேன். "இன்னொரு வாரந்தானே," என்றாள்.

பிப்ரவரி 22, சனி

இன்று சம்யுவுக்கு வட்டம் நிரப்பும் பயிற்சி ஆறு மணி வரை நீண்டுவிட்டது. வந்து ஏழு மணிக்குத் தேர்வில் நுழைவதாகச் சொல்லியிருந்தாள். களைத்துப்போய் வருவாள். அவள் செல்பேசி என்னிடம்தான் இருந்தது. மூன்றரை மணிக்கே தேர்வைத் திறந்துவிட்டார்கள்; இரவு வரை எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். அவள் வருவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

அவளுக்காகத்தான்.

வந்ததும் செல்பேசியை எடுத்தாள். 'தேர்வு முடிந்தது' என்றிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன வரும்?" என்றாள்.

"அறுநூத்தி அம்பதுக்கு மேல வரும்."

"நல்லா எழுதற," என்றாள். "தோசை ஊத்து. பசிக்குது."

பிப்ரவரி 23, ஞாயிறு

ரேங்க் 1.

மார்ச் 21

கத்தரிக்காய்க் குழம்பு. சம்யு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஹால் டிக்கெட் வரப்போகிறது. பெண்பிள்ளைகள் கம்மல், மூக்குத்தி, உலோகக் கிளிப் எதுவும் போடக் கூடாது, அரைக்கை உடை, சாதாரணச் செருப்பு என்று விதிகளைக் குழுவில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் சம்யுவுக்குப் படித்துக் காட்டினேன். அரைக்கைச் சுடிதார் ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

மே 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தேர்வு மையம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி. அப்பா விடியலிலேயே வந்துவிட்டார். கயிறு கட்டிப் பெற்றோரை இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். பெண்கள் வரிசைக்கு ஒரு தட்டியை மறைப்பாக வைத்திருந்தார்கள். அது காற்றில் சாய்ந்து கிடந்தது. யாரும் நிமிர்த்தவில்லை.

சோதிக்கும் பெண் கருவியைச் சம்யுவின் தலைக்கு மேலே கொண்டுபோனதும் அது கத்தியது. மறுபடி கொண்டுபோனாள். மறுபடி கத்தியது.

கொண்டை ஊசி. காலையில் நான்தான் குத்தினேன். மூன்று மாதமாகத் தினமும் குத்துகிற கை, தானாகக் குத்திவிட்டது. மூக்குத்திக்கும் செருப்புக்கும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"அதென்னம்மா உள்ள? கழட்டு," என்றாள் அந்தப் பெண். கடுமையாகச் சொல்லவில்லை. பின்னால் நீண்ட வரிசை இருந்தது. சம்யு திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி, ஒவ்வொரு ஊசியாக உருவினாள். சவுரி கையோடு வந்தது. காற்றடித்தது. மிச்சமிருந்த முடி ஒரு பக்கமாகப் பறக்க, வெயிலில் அந்த வெள்ளைத் திட்டுகள் எல்லாம் தெரிந்தன. ஜனவரியில் நான் எண்ணியது இரண்டு; அதற்குப் பிறகு எண்ணவில்லை. இப்போது எண்ண முடியாத அளவு இருந்தன. வரிசையில் யாரோ, "அய்யோ," என்றார்கள். சிரித்த மாதிரியும் இருந்தது.

சோதித்த பெண்ணின் முகம் மாறிவிட்டது. "போ சாமி, போ. நல்லா எழுது," என்று முதுகைத் தொட்டு அனுப்பினாள். சம்யு கயிற்றருகே வந்து சவுரியை நீட்டினாள். நான் கை நீட்டும் முன் அப்பா வாங்கிக்கொண்டார். அவள் தலையை மறைக்காமலே உள்ளே போனாள்.

ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பா மடியில் சவுரியை வைத்திருந்தார். செல்லப்பிராணியைத் தடவுவதுபோல அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பூச்சிவெட்டு," என்றார். "ஆயின்மெண்ட் இருக்குது. நம்ம கடையிலயே இருக்குது. ஏன் சொல்லல?"

"பூச்சிவெட்டு இல்லீங்கப்பா. அவளே பிடுங்கிக்கறா."

அப்பாவுக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். காய்ச்சலில் தொடங்கி பிப்ரவரிவரை. சுற்றிலும் அம்மாக்கள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் எங்களுக்கும் திருநீறு கொடுத்தார்.

அதைப் பூசிக்கொண்டு அப்பா கேட்டார்: "அந்த அறுநூத்திப் பதினாறு?"

"நானுங்கப்பா."

"முதல் ரேங்க்?"

"நானுங்கப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ புதிதாக வந்தவளைப் பார்ப்பதுபோல. அப்பா என்னை அப்படிப் பார்த்து ஆறு வருடங்கள் ஆகின்றன. வெயில் அதிகம். எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

சம்யுவைப் பற்றி அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு வந்தாள். "தெரிஞ்சதுக்கு மட்டும் வட்டம் போட்டேன். தெரியாதத அப்பிடியே விட்டுட்டேன். நிம்மதியா இருந்துச்சு," என்றாள். தண்ணீர் கேட்டாள். அப்பா பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவளைப் பார்க்காமல் கொடுத்தார்.

ஜூன் 14, சனி

முடிவு. தாராபுரத்து வீட்டில் பார்த்தோம். சம்யு 221.

அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. சம்யு தானாகவே கடைக்குப் போய் நாற்காலி போட்டு ஏறி, வெள்ளைக் கோட்டுப் படத்தைக் கழற்றி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்து மதியம் வரை வியாபாரம் பார்த்தாள். ஒரு கிழவி, "தலைல என்ன சாமி?" என்று கேட்டதற்கு, "படிப்பு ஆத்தா. உங்களுக்குச் சக்கர மாத்திரதானே?" என்றாளாம்.

ஜூன் 18

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: "எழுதறதுக்கு வயசு வரம்பு கெடையாதாம். விசாரிச்சுட்டேன்."

யாரும் கேட்கவில்லை, யாருக்கு என்று.

அம்மாதான் முதலில் பேசினாள். "இருபத்திநாலு ஆவுது அவளுக்கு. ரெண்டு எடத்துல சாதகம் கேட்டிருக்கறாங்க."

"படிச்சு முடிச்சா எரநூறு எடத்துல கேப்பாங்க. வேலையோட வேலையா மொத ரேங்க் வாங்குனவ. உக்காந்து படிச்சா?" அவர் என்னைப் பார்த்தார். மரத்தடியில் பார்த்த அதே பார்வை. "பாப்பா கூட இருக்கட்டும். சமைச்சுப் போடட்டும். அவளுக்கும் ஒரு மாத்தமா இருக்கும்."

"எனக்கு பி.பார்ம் அப்ளிகேசன் போடோணும்ப்பா," என்றாள் சம்யு.

"ஒரு வருசந்தானே. அடுத்த வருசம் சேந்துக்க."

சம்யு என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்கு இடம் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னேன்.

ஜூன் 19

யோசித்தேன். பி.பார்ம் எங்கேயும் போய்விடாது. ஒரு வருடம்தானே.

ஜூன் 27

பழனி. சம்யு தானே கேட்டாள், மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று. "அங்கொண்ணும் இங்கொண்ணுமா எதுக்கு? ஒரே மாதிரி இருந்துட்டுப் போவுது." அம்மா அழுதாள். முடி இறக்கியவர், "என்ன வேண்டுதல் கண்ணு?" என்று கேட்டார். "எங்கக்கா டாக்டர் ஆகோணும்," என்றாள் சம்யு. கேலியா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

அதே மாடி, அதே அறை. ருக்குமணியம்மா சாவியைச் சம்யுவிடம் நீட்டினார். "இந்த வாட்டி சின்னது சமையலா?" என்று சிரித்தார். சென்டரில் மணிமேகலை மேடம் மட்டும் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் நல்ல மூளைதாம்மா," என்று நேராக ஏ பேட்ச்சில் உட்கார வைத்தார். பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். முதல் வரிசை. ஃபேன் காற்று அவ்வளவாக வருவதில்லை.

ஜூலை 26, சனி

ஓ.எம்.ஆர். தேர்வு. நாற்பதாவது கேள்வியில் ஒரு வட்டத்தைத் தவறவிட்டு, அடுத்த பன்னிரண்டும் ஒரு வரி தள்ளி நிரப்பிவிட்டேன். ஆறு வருடங்களுக்கு முன்பும் இப்படித்தான் நடந்தது. அப்போது இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரேங்க் 57. அப்பா போன் செய்தார். பரவாயில்லை கண்ணு, போகப் போகச் சரியாயிரும் என்றார்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, சம்யு அறையைக் கூட்டினாள். என் பாயைத் தூக்கிக் கூட்டினாள். மேசைக்கு அடியில் கூட்டினாள். முறத்தைக் கொண்டுவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தாள். அதில் முடி கிடந்தது. நீளமாக, சுருள் சுருளாக. அவள் தலையில் இன்னும் ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

"தண்ணி உப்புக்கா," என்றாள்.

என் இடது கையைத் தலையிலிருந்து கீழே இறக்கினேன்.

சம்யு முறத்திலிருந்து ஒரு முடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதை முறத்திலேயே போட்டுவிட்டு, குழம்புக்குப் புளி கரைக்கப் போனாள்.